ஸ்டேட் ஃபேரில் பொரித்ததும் குச்சியில் குத்தியதும்: திகட்டாமல் சாப்பிட ஒரு வழிகாட்டி

வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு ஸ்டேட் ஃபேருக்குப் போகாதீர்கள். அங்கேதான் வெளுத்துக் கட்டப் போகிறோமே என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புகிறவர்கள்தான், பசி வேகத்தில் வாசலை ஒட்டிய முதல் கடையிலேயே ஆளுக்கொரு டர்க்கி லெக்கை, அதாவது முழு வான்கோழிக் காலை, வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குள் வயிறு நிரம்பி, மிச்ச நேரமெல்லாம் மற்றவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். வீட்டில் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் பாதிப் பசியோடு போங்கள். பாதிப் பசியில்தான் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்டேட் ஃபேர் என்பது அந்தந்த மாநிலத்தின் விவசாயக் கண்காட்சியாகத் தொடங்கிய திருவிழா. முதலாவது 1841-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் நடந்தது. மாடு, பன்றி, பூசணிக்காய், ஜாம் பாட்டில் எல்லாவற்றுக்கும் இன்றும் பரிசு உண்டு, ராட்டினங்கள் உண்டு, கச்சேரி உண்டு, ஆனால் கூட்டத்தில் பெரும்பகுதி வருவது சாப்பிடத்தான். ஐயோவாவில் ஆகஸ்டில் 11 நாள், மினசோட்டாவில் செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே அன்று முடியும்படி 12 நாள், டெக்சாஸில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி 24 நாள். 2019-இல் மினசோட்டா ஃபேருக்கு மட்டும் 21 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அத்தனை பேரும் நடந்துகொண்டே சாப்பிட வேண்டும், தட்டு வைக்க எல்லோருக்கும் மேசை கிடைக்காது. குச்சி அங்கே ராஜாவானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பொரித்த பண்டத்துக்கு ஆயுள் சுமார் பத்து நிமிடம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். எந்தக் கடையில் நிற்பது, எத்தனை வாங்குவது, எங்கே நின்று சாப்பிடுவது என்று இனி நான் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் இந்தப் பத்து நிமிடத்திலிருந்து வருபவைதான். நான்கு பேர் நான்கு கடைகளில் வரிசையில் நின்று எல்லாவற்றையும் ஒரு மேசையில் சேர்த்துப் பரப்பி வைத்துச் சாப்பிடலாம் என்று திட்டம் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடைசி ஆள் வந்து சேர்வதற்குள் முதல் ஆள் வாங்கியது நமுத்துப்போயிருக்கும். ஒரு கடை, ஒரு தட்டு, நான்கு பேர், அங்கேயே ஓரமாக நின்று முடித்துவிட்டு அடுத்த கடை. இதுதான் சரி.

எண்ணெயைப் பாருங்கள், விளம்பரப் பலகையை அல்ல

மாவில் தோய்த்த எதையும் எண்ணெயில் போட்டதும் மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சடசடவென்று குமிழி வருவது அதனால்தான். அந்த ஆவி தள்ளும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது கஷ்டம். வெளியே எடுத்து ஆற ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் ஆவி அடங்கும், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்த இடம் உறிஞ்சிக்கொள்ளும். ஆக, பலகாரம் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் எண்ணெய்க்குள் கிடக்கும்போது அல்ல, வெளியே வந்த பிறகு. அதனால் கடைக்காரர் கூடையைத் தூக்கியதும் நாலு உதறு உதறி, கொஞ்சம் வடியவிட்டுக் கொடுக்கிறாரா, அல்லது தூக்கிய கையோடு காகிதத் தட்டில் கொட்டுகிறாரா என்று ஒரு நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். அந்த ஒரு உதறலில் பாதி விஷயம் இருக்கிறது.

எண்ணெய் 350 முதல் 375 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 175 முதல் 190 செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நம்மால் போய் அளந்து பார்க்க முடியாது, ஆனால் கூடையை இறக்கியதும் வரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சத்தம் மந்தமாக இருந்து, குமிழி சோம்பேறித்தனமாக வந்தால் எண்ணெய் சூடாகவில்லை என்று அர்த்தம், வரும் பண்டம் வெளிறிப்போய்க் கனமாக இருக்கும். எண்ணெய் கருத்து, புகைந்து, பழைய நெடி அடித்தால் பேசாமல் அடுத்த கடைக்கு நகருங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, நீளத்தைப் பார்க்காமல் வேகத்தைப் பாருங்கள். நீளமான ஆனால் விறுவிறுவென்று நகரும் வரிசை என்றால் பொரித்ததெல்லாம் நேராகக் கைக்குப் போகிறது, எதுவும் சூடு காக்கும் விளக்குக்கு அடியில் காத்துக்கிடக்கவில்லை. நீளமாகவும் இருந்து நகரவும் இல்லை என்றால், சின்னத் தொட்டியை வைத்துக்கொண்டு திணறுகிறார்கள், அளவுக்கு மீறிக் கூடையை நிரப்பிக்கொண்டு எண்ணெயின் சூட்டை அவர்களே இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆளே இல்லாத கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே பொரித்தது அடுக்கியிருந்தால், இப்போது போடுவதில் ஒன்று கொடுங்கள், காத்திருக்கிறேன் என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நாலு நிமிடம்கூட ஆகாது.

கார்ன் டாக்: முதலில் இதுதான்

ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிட நேரம் என்றால் கார்ன் டாக் சாப்பிடுங்கள். ஹாட் டாகைக் குச்சியில் குத்தி, சோள மாவுக் கரைசலில் முக்கி, நிற்க வைத்தோ படுக்க வைத்தோ பொரிப்பது. மாவு நம் பஜ்ஜி மாவைவிடக் கெட்டியாக இருக்கும், லேசான இனிப்பு இருக்கும், உள்ளே கிட்டத்தட்ட கேக் மாதிரி வெந்திருக்கும். யார் முதலில் செய்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நியூயார்க் மாநிலம் பஃபலோவைச் சேர்ந்த ஸ்டான்லி ஜென்கின்ஸ் என்பவர், குச்சியில் குத்திய பண்டங்களை மாவில் முக்கிப் பொரிக்கும் கருவிக்கு 1929-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஹாட் டாக் மட்டுமல்ல, அவித்த முட்டை, சீஸ், வாழைப்பழம், அன்னாசி, ஸ்ட்ராபெரி, பேரீச்சம்பழம் என்று ஒரு பட்டியலே அதில் உண்டு. இன்றைக்குப் புதுமை என்று பலகை எழுதி வைத்து விற்கும் பலதையும் அந்த மனிதர் அன்றைக்கே யோசித்து முடித்துவிட்டார். டல்லாஸில் 1938-க்கும் 1942-க்கும் இடையில் எப்போதோ நீல், கார்ல் என்ற ஃப்ளெச்சர் சகோதரர்கள் டெக்சாஸ் ஃபேரில் விற்க ஆரம்பித்த 'கார்னி டாக்' இன்றும் அங்கே பெரிய ஈர்ப்பு.

மினசோட்டாவுக்குப் போனால் இன்னொரு குழப்பம் வரும். அங்கே 1947 முதல் 'ப்ரான்ட்டோ பப்' விற்கிறார்கள், பார்க்கக் கார்ன் டாக் மாதிரியே இருக்கும், ஆனால் அதுவும் இதுவும் ஒன்று என்று உள்ளூர்க்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். ப்ரான்ட்டோ பப்பின் மாவு மெல்லியது, இனிப்புக் குறைவு. கார்ன் டாக் தடிமன், இனிப்பு. எனக்கு ப்ரான்ட்டோ பப்தான், அந்த இனிப்பு மாவு இரண்டாவது கடியிலேயே திகட்டிவிடும். ஆனால் பிள்ளைகளைக் கேட்டால் கார்ன் டாக் என்றுதான் சொல்லும். இரண்டையும் ஒவ்வொன்று வாங்கி வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிக் கடித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாப்பிடும் முறை என்று ஒன்று உண்டு. கையில் வந்த உடனே கடித்தால் நாக்கு வெந்துவிடும், ஏனென்றால் மேல் மாவு சீக்கிரம் ஆறினாலும் உள்ளே இருக்கும் சாசேஜ் ஆவியை அடைத்து வைத்திருக்கும். இரண்டு நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் மஸ்டர்டை நுனியிலிருந்து அடிவரை ஒரே கோடாகப் போடுங்கள். கெச்சப் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் இனிப்பு மாவுக்கு மேல் இனிப்புச் சாஸ் எதற்கு என்று ஒரு தரம் யோசியுங்கள், மஸ்டர்டின் புளிப்பும் காரமும்தான் எண்ணெயை வெட்டும். முதல் இரண்டு கடி மேலிருந்து கடிக்கலாம். குச்சியின் நுனி வெளியே தெரிந்ததும் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் கடிக்க ஆரம்பித்துவிடுங்கள், இல்லையென்றால் அண்ணத்தில் குத்தும். அடியில் குச்சியோடு ஒட்டி மொறுமொறுவென்று ஒரு வளையம் மிஞ்சும். அதைத் தூக்கி எறிகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இன்னொன்று, கூட்டத்துக்கு நடுவே குச்சியைக் கையில் நீட்டிக்கொண்டு நடந்து நடந்து சாப்பிடுவது படத்தில் பார்க்க அழகு, நிஜத்தில் யாராவது தோளில் இடித்தால் வாயில் குத்தும். குழந்தைகள் குச்சியோடு ஓடுவதை அனுமதிக்கவே வேண்டாம். சின்னப் பிள்ளை என்றால் குச்சியை உருவிவிட்டு, ஹாட் டாகை நீளவாக்கில் கீறித் துண்டு போட்டுக் கொடுங்கள். வட்டமாக வெட்டிக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

குச்சியில் எல்லாம் வரும், எல்லாம் குச்சிக்குத் தகுந்தது அல்ல

மினசோட்டா ஃபேரில் குச்சியில் குத்திய பண்டங்களே அறுபதைத் தாண்டும். வாலாய் மீன், முதலைக்கறி, சீஸ் கேக், ஊறுகாய் வெள்ளரிக்காய், சாக்லேட் பார், அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் ட்ரேயில் வைத்து ஓவனில் வேகவைக்கும் ஹாட் டிஷ்கூட அங்கே குச்சியில் வரும். இதில் எதை எடுப்பது? நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: குச்சி இருப்பதால் சாப்பிடுவது சுலபமாகிறதா, இல்லை படம் எடுத்துப் போடுவதற்காகக் குத்தி வைத்திருக்கிறார்களா? போர்க் சாப், மீன், பழம், சாசேஜ் எல்லாம் முதல் வகை. கீழே தட்டு வைத்துக்கொண்டு, வேறு கையில் முள்கரண்டியும் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தால் அது இரண்டாம் வகை, காசு குச்சிக்குத்தான் போகிறது.

பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் ஐயோவாவில் போர்க் சாப்பை விடாதீர்கள். அங்கே மாநிலப் பன்றி வளர்ப்போர் சங்கமே கூடாரம் போட்டு கிரில் செய்கிறது. விலா எலும்பை நீளமாக விட்டு வெட்டியிருப்பார்கள், அந்த எலும்புதான் பிடி. பொரித்தது அல்ல, தணலில் வாட்டியது, அதனால் இரண்டு பொரித்த பண்டங்களுக்கு நடுவே வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க நல்ல ஆள். ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்பவர்கள் எல்லாம் அந்தக் கூடாரத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சாப் திருப்புகிற மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள், தேர்தல் காலத்தில் போனால் வரிசையோடு கேமரா கூட்டமும் சேரும்.

டர்க்கி லெக் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒன்று கிட்டத்தட்ட ஒன்றரை பவுண்டு கனக்கும். உப்பு நீரில் ஊறவைத்துப் புகையில் வேகவைத்தது, அதனால்தான் உள்ளே ரோஸ் நிறமாக, ஹாம் மாதிரிச் சுவையாக இருக்கும், வேகவில்லை என்று பயப்பட வேண்டாம். நான்கு பேருக்கு ஒன்று போதும். ஒருவரே தூக்கிக்கொண்டு சுற்றினால் அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற அப்பா அம்மாவை அழைத்துப் போயிருந்தால் ஒரு வாய் ருசிக்கு மட்டும் கொடுங்கள், உப்பு அவ்வளவு இருக்கும்.

வாட்டிய சோளம், சந்தேகமே இல்லாமல் வாங்குங்கள். தோலோடு வாட்டி, தோலைப் பின்னால் உரித்து அதையே பிடியாக்கி, உருக்கிய வெண்ணெயில் முழுக்க முக்கித் தருவார்கள். பல மாநிலங்களில் அப்போதுதான் சோளம் அறுவடைக்கு வந்திருக்கும், ருசிக்கு வேறு எதுவும் தேவைப்படாது. சட்டையில் வெண்ணெய் சொட்டும், முன்னால் குனிந்து நின்று கடியுங்கள்.

சீஸ் கர்ட்

பத்து நிமிடக் கணக்கு எந்தப் பண்டத்துக்கும் பொருந்தும், ஆனால் சீஸ் கர்டுக்கு அது கத்தி முனை. செடார் சீஸை அச்சில் அழுத்துவதற்கு முன்பு கிடைக்கும் சின்னச் சின்னக் கட்டிகள்தான் இவை. விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் புதிதாகக் கிடைக்கும். பச்சையாகத் தின்றால் பல்லில் கீச் கீச்சென்று சத்தம் வரும். லேசான மாவில் தோய்த்துப் பொரித்தால் மேலே மொறுமொறு, உள்ளே இழுத்தால் நூலாக வரும். சூடு இறங்கினால் சீஸ் இறுகி ரப்பர் ஆகிவிடும், மாவு ஈரம் குடித்துச் சவசவவென்று ஆகிவிடும், அப்புறம் எதைச் சாப்பிடுகிறோம் என்றே தெரியாது. அதனால் இதை வாங்கும்போது மட்டும் ஆட்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்க வேண்டும், ராட்டினத்தில் இருக்கிறவர்கள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காகிதப் பையில் கொடுத்தால் வாயை மடக்கி மூடாதீர்கள், உள்ளே ஆவி அடைத்து நமுத்துவிடும். திறந்த தட்டில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு தட்டு மூன்று நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும், ஒருவரே முழுத் தட்டையும் காலி செய்தால் சாயங்காலம்வரை நெஞ்சைக் கரித்துக்கொண்டே இருக்கும்.

கோக், வெண்ணெய், ஓரியோ: விசித்திரங்களை எப்படிக் கையாள்வது

டெக்சாஸ் ஃபேரில் 2005 முதல் புதுப் பொரியல்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். 2006-இல் ஏபெல் கான்சாலெஸ் ஜூனியர் என்பவர் கோக்கைப் பொரித்துப் பரிசு வாங்கினார். திரவத்தை எப்படிப் பொரிக்கிறது என்றால், மாவைக் கோக் சிரப்பில் பிசைந்து உருண்டையாகப் பொரித்து, மேலே மறுபடியும் சிரப், க்ரீம், பட்டைச் சர்க்கரை, ஒரு செர்ரி. 2009-இல் அவரே வெண்ணெயைப் பொரித்தார், உறையவைத்த வெண்ணெயை மாவுக்குள் பொதித்து எண்ணெயில் இறக்குவது. 2011-இல் ஐயோவாவில் அதைக் குச்சியிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஐயோவாவில் 1911 முதல் ஃபேர் நடக்கும்போதெல்லாம் சுமார் 600 பவுண்டு வெண்ணெயில் முழு அளவுப் பசு ஒன்றைச் செய்து குளிர்பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஒரு பக்கம் வெண்ணெய்க்குச் சிலை, இன்னொரு பக்கம் வெண்ணெய்க்குக் கொப்பரை.

இந்த மாதிரி விசித்திரங்களில் முக்கால்வாசி ஒரு கடிக்குத்தான் லாயக்கு. முதல் கடியில் சிரிப்பு வரும், இரண்டாவது கடியில் சர்க்கரை மட்டும்தான் தெரியும், மூன்றாவது கடிக்கு யாரும் கை நீட்ட மாட்டார்கள். அதற்காகச் சாப்பிடவே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் ஃபேர் என்ன ஃபேர். குழுவுக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்று, அவ்வளவுதான். எதை எடுப்பது என்று யோசித்தால் பொரித்த ஓரியோ நம்பிக்கையான தேர்வு. சூட்டில் பிஸ்கட் மெத்தென்று கேக் மாதிரி ஆகிவிடும், க்ரீம் உருகி அதற்குள்ளேயே கலந்துவிடும். சாக்லேட் பாரையும், க்ரீம் அடைத்த சின்ன கேக்கான டிவிங்கியையும் பொரிப்பதற்கு முன் உறையவைத்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே உருகி ஓடுவதற்குள் மேல் மாவு வெந்து கெட்டியாகும். கடித்ததும் நடுவில் ஐஸ் மாதிரி கட்டியாக இருந்தாலோ, மாவுக்குள் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் வழிந்துபோயிருந்தாலோ அவர் நேரத்தைக் கோட்டைவிட்டுவிட்டார் என்று அர்த்தம், தயங்காமல் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

ஃபனல் கேக் இந்தக் கணக்கில் வராது, அது பழைய சங்கதி, பென்சில்வேனியாவின் ஜெர்மானிய வழி மக்களோடு வந்தது. மாவைப் புனல் வழியாக எண்ணெயில் சுற்றிச் சுற்றி ஊற்றி, மேலே பொடிச் சர்க்கரை தூவுவார்கள். தூவியதும் மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

சைவக்காரர்கள், மாடு தொடாதவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள்

பெயரில் இறைச்சி இல்லை என்பதற்காக நம்பிவிடக் கூடாது. ஹாட் டாகில் மாடும் பன்றியும் கலந்திருப்பது சகஜம், எது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். டர்க்கியிலோ சைவமாகவோ கார்ன் டாக் போடும் கடைகளும் இருக்கின்றன. சீஸ் கர்ட், வெங்காய வளையம், வெள்ளரி ஊறுகாய்ப் பொரியல், உருளைக்கிழங்கு எல்லாம் சைவமாகத் தெரியும், ஆனால் அதே எண்ணெயில் சிக்கனும் மீனும் போயிருக்கும். தனித் தொட்டி இருக்கிறதா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். உருளைக்கிழங்கு மட்டும் போடும் கடை, சீஸ் மட்டும் போடும் கடை என்று ஒரே பண்டத்தை விற்கும் கடைகள் நிறைய உண்டு, சைவக்காரர்களுக்கு அவைதான் பாதுகாப்பு. இனிப்பு மாவில் முட்டை இருக்கும். மார்ஷ்மெல்லோ, ஜெல்லோ இரண்டிலும் ஜெலட்டின், டிவிங்கியில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. எந்தக் கவலையும் இல்லாமல் வேண்டும் என்றால் வாட்டிய சோளமும், பழக் குச்சியும், குளிரவைத்த வெள்ளரி ஊறுகாயும் இருக்கவே இருக்கின்றன. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எண்ணெய் எது என்று கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள், கடலை எண்ணெயில் பொரிக்கும் கடைகள் உண்டு.

நாளை எப்படிப் பிரிப்பது

வார நாள், காலை. இதற்கு மேல் நல்ல யோசனை என்னிடம் இல்லை. காலையில் எண்ணெய் புதிது, கூட்டம் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. ராட்டினம் ஏறுவதென்றால் சாப்பிடுவதற்கு முன்பே ஏறிவிடுங்கள், சீஸ் கர்டோடு தலைகீழாகச் சுற்றுவது உங்களுக்கும் நல்லதல்ல, பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லதல்ல. அப்புறம் ஒரு பொரியல், ஒரு நடை, ஒரு புளிப்பு என்று மாற்றி மாற்றிப் போங்கள். புளிப்புக்கு எலுமிச்சை ஜூஸ் அல்லது ஊறுகாய்க் குச்சி, இரண்டும் வாயிலிருக்கும் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும். சோடாவை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் வயிறு உப்பி இடம் வீணாகும். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், பல ஃபேர்களில் வெளியிலிருந்து தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப்போக விடுவார்கள், மதுவும் கண்ணாடி பாட்டிலும்தான் கூடாது. குழந்தைக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றால் கட்டிக்கொள்ளலாம், போகுமுன் அந்த ஃபேரின் விதியை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிய வெயிலில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மாட்டுக் கொட்டகை, பூசணிக்காய், கைவினை அரங்கு என்று நிழலில் சுற்றுங்கள். மினசோட்டாவில் கண்ணாடிக் குளிரறைக்குள் ஒரு பெண் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் தலையை 90 பவுண்டு வெண்ணெயில் செதுக்குவார்கள், அதை ஒரு எட்டுப் பாருங்கள். ஆனால் கையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு விலங்குக் கொட்டகைக்குள் போகாதீர்கள். 2012-இல் பன்றிகளிடமிருந்து வந்த ஒரு வகை இன்ஃப்ளூயன்சா 300 பேருக்கு மேல் தொற்றியது, அவர்களில் பெரும்பாலோர் இதுபோன்ற கண்காட்சிகளில் பன்றிகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், அதிலும் குழந்தைகள்தான் அதிகம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம்.

காசு விஷயம். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. உள்ளே ஒவ்வொரு பண்டமும் 10 டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், நான்கு பேர் ஆளுக்கு நான்கு வாங்கினால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், பகிர்ந்து சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டெக்சாஸில் கடையில் நேரடியாகக் காசு கொடுக்காமல் கூப்பன் வாங்கிக் கொடுக்கும் முறை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், கையில் கத்தையாக இருந்தால் தேவையில்லாததையும் வாங்கத் தோன்றும். மினசோட்டாவில் தள்ளுபடிக் கூப்பன் புத்தகம் விற்கிறார்கள், இரண்டு மூன்று கூப்பனிலேயே போட்ட காசு திரும்பிவிடும். எந்தக் கடை எங்கே என்று தேட அவர்களுடைய ஆப்பும் உண்டு, அன்றைக்குச் சாப்பிட வேண்டியதை முதல் நாள் இரவே குறித்து வைத்துக்கொண்டால் வெயிலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டாம். ஈர டிஷ்யூ ஒரு பாக்கெட், சாதா டிஷ்யூ இரண்டு மடங்கு, குச்சிகளைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, இவை பையில் இருக்கட்டும்.

கடைசியாக, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது. வெயில் 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் சமைத்த இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, மற்ற நேரத்தில் இரண்டு மணி. காரில் கிடந்த டர்க்கி லெக்கை நள்ளிரவில் மைக்ரோவேவில் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். கார்ன் டாக் மட்டும் மிஞ்சி, கிளம்பும் நேரத்தில்தான் வாங்கினீர்கள் என்றால், வீட்டுக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ சூடாக்குங்கள், மைக்ரோவேவில் மாவு ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். பயணத்தைத் தாங்குவது குக்கீதான். மினசோட்டாவில் 1979 முதல் இருக்கும் ஸ்வீட் மார்த்தாஸ் கடையில் வாளி நிறைய, விளிம்புக்கு மேலும் கோபுரமாகக் குவித்துத் தருவார்கள், மூடி மூடாது. மேலே இருக்கும் பத்துப் பதினைந்தை அங்கேயே நின்று தின்றால்தான் மூடும், பக்கத்திலேயே பால் கிடைக்கும்.